மணியார்டர் வரும் நாள்

சோழவந்தான் கொடிக்காலில் கிள்ளிய வெற்றிலையைத் திண்ணையில் உட்கார்ந்து கவுளி கவுளியாக அடுக்கும் நேரத்தில்தான் எங்கள் தெருவுக்குத் தபால்காரர் வருவார். எதிர்வீட்டு அப்பத்தாவுக்கு மாதாமாதம் இருபது ரூபாய் மணியார்டர். சுண்ணாம்பு காய்ந்த கட்டைவிரலை முந்தானையில் துடைத்துவிட்டு, மையில் ஒற்றி உருட்டுவார். 1962-ல் காமராசர் ஆட்சியில் தொடங்கிய முதியோர் உதவித்தொகை அது. பின்னால் எத்தனையோ ஆட்சி மாறியது. அப்பத்தாவுக்குக் கடைசிவரை அது 'காமராசு காசு'தான்.

 

பள்ளிக்கூடத்துக்கு வருகிறேன். முந்நூறு பேர் உள்ள ஊருக்கும் ஒரு பள்ளி என்று காமராசர் நின்றார். கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு ஓடினார். 1958-ல் கடம்பத்தூரில் தொடங்கி ஊர் ஊராகப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. கரும்பலகை, கடிகாரம், மணி, நிலம் என்று ஊரார் கொண்டுவந்து கொடுத்தார்கள். நான் உட்கார்ந்த பெஞ்சின் முதுகில் 'உபயம்' என்று பச்சை பெயின்ட்டில் எழுதி, கீழே ஒரு பெயர் இருந்தது. தலைமுறை தலைமுறையாக முதுகு உரசியதில் பெயர் போய், 'உபயம்' மட்டும் மிச்சம். கொடுத்தவருக்கு அது பொருத்தம்தான்.

அந்தப் பெஞ்சில் படித்தவர்கள் என்ன ஆனார்கள்? மதுரை, சென்னை, சிங்கப்பூர். திண்டுக்கல் போகும் ரயில் ஊர் வழியாகப் போனது வசதியாகிவிட்டது. மேலத்தெருவில் ஒரு பாட்டியின் மகன் வாத்தியாராகி வெளியூர் போனார். உழைக்கும் மகன் இருந்தால் உதவித்தொகை கிடையாது என்பது அப்போதைய விதி. பிள்ளையில்லாத எதிர்வீட்டு அப்பத்தாவுக்கு இருபது ரூபாய் வந்தது. பிள்ளையைப் படிக்கவைத்த பாட்டிக்கு, தீபாவளிக்கு ஒரு சேலை.

காமராசரின் தாயார் சிவகாமி அம்மையாரும் விருதுநகரில் அந்தப் பழைய வீட்டிலேயேதான் இருந்தார். முதலமைச்சரின் தாய் என்று வீட்டுக்குள் போட்டுக்கொடுத்த தண்ணீர்க் குழாயை மகன் எடுக்கச் சொன்னார் என்பார்கள். நேர்மை என்று மேடையில் கை தட்டுகிறோம். குடத்தைத் தூக்கியது அந்த அம்மாவின் இடுப்பு என்பதும் எனக்குக் கூடவே ஞாபகம் வரும்.

1982-ல் எம்.ஜி.ஆர். சத்துணவு கொண்டுவந்தார். அடுத்த ஆண்டு பொங்கலிலிருந்து உதவித்தொகை வாங்கும் முதியவர்களுக்கும் அங்கேயே சாப்பாடு. எதிர்வீட்டு அப்பத்தா ஈயத் தட்டோடு நான் படித்த பள்ளிக்கே போய், பேரன் வயதுப் பிள்ளைகளுக்குப் பின்னால் வரிசையில் நின்றார். முதல் நாள் கூச்சப்பட்டவர், பிறகு எந்தப் பிள்ளை பருப்பை ஒதுக்குகிறது என்று கணக்குச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். ராத்திரி மட்டும் தனியாகத்தான். விளக்கை ஊதிவிட்டு, யாருக்கோ சொல்வதுபோல் பேசிக்கொண்டே படுப்பார்.

இருபத்தைந்து முதியவர், இருபத்தைந்து ஆதரவற்ற குழந்தைகள் ஒரே வளாகத்தில் இருக்கும் ஒருங்கிணைந்த இல்லங்களைத் தமிழக அரசு பின்னால் தொண்டு நிறுவனங்கள் மூலம் நடத்தத் தொடங்கியது. நல்ல யோசனை. சத்துணவு வரிசையில் அப்பத்தா தானாகவே கண்டுபிடித்ததுதான். ஆனால் மாநிலம் முழுக்க அவை சில டஜன்தான்.

பள்ளிக்குக் குறை வைக்கவில்லை. காலைச் சிற்றுண்டித் திட்டம் 2022-ல் மதுரை சிம்மக்கல் பள்ளியில்தான் தொடங்கியது. கொடிக்குளத்தில் ஒரு தாய் கோடிக்கணக்கில் விலைபோகும் நிலத்தைப் பள்ளிக்கு எழுதிக்கொடுத்து, 2024 குடியரசு தினத்தில் முதல்வரின் விருது பெற்றார். முதியோர் உதவித்தொகையும் 2023-ல் ஆயிரத்து இருநூறு ஆனது. முதியவர்களுக்கான வீடு பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. தன் அப்பனுக்கு முதியோர் இல்லம் கேட்பதை எந்த மகன் வாய்விட்டுச் சொல்வான்? அதனால் எந்த வேட்பாளரும் வாக்குறுதி தருவதில்லை.

அடுத்த தேர்தலில் வைகைக் கரையோரம் ஓட்டுக் கேட்டு வருபவரிடம் புது வகுப்பறை கேளுங்கள். கூடவே, பள்ளிக்கூடச் சுவரை ஒட்டி முதியவர்களுக்கு நாலு வீடும் கேளுங்கள்.