இரும்பையில் ஒரு நிழல்

இரும்பைக்கு நாம் புதியவர். ஊரையடுத்து, 1968 பிப்ரவரி 28-ஆம் நாள் தொடங்கப்பெற்ற ஆரோவில் இருக்கிறது. பல நாட்டவர் வாழும் அவ்விடத்தைக் காணுமுன்னரே அதுபற்றி நாம் ஒரு தீர்ப்பு எழுதி வைத்திருந்தோம்.

முதல் நாள் அங்குள்ள செம்மண் பாதையில் நடக்கையில் லுஹர் நேரமாயிற்று. மிதிவண்டியில் வந்த முதிய வெள்ளைக்கார அம்மையார் இறங்கி, "என்ன வேண்டும் ஐயா?" எனத் தமிழில் வினவினார். தொழ இடம் வேண்டுமென்றோம். உளூச் செய்ய நீர் தந்து, ஒரு வேப்பமரத்தடியைக் காட்டினார். மழைநீர் மண்ணை அரித்தோடிய பொட்டலாம் அது. கரை கட்டி நீரைத் தேக்கி, தம் இளமையில் அம்மரத்தை நட்டாராம்.

ஒரு முஸ்லிம் நட்ட மரத்தின் கனியைப் பறவை உண்டாலும் அவருக்கு அது தர்மமாகும் என்பது பெருமானார் (ஸல்) அவர்களின் போதனை. முப்பது ஆண்டுகளாக அந்த ஹதீஸை ஓதிக்கொடுத்த நாம் ஒரு கன்றேனும் நட்டதில்லை! அவர்தம் கொள்கை வேறு, நம் ஈமான் வேறு. ஆயினும் அன்று ஸுஜூதில் நம் நெற்றி பதிந்தது அவர் காத்த மண்ணில்.

மறுநாளே கொல்லையில் ஒரு வேப்பங்கன்று வைத்தோம். நம்மிடம் ஓத வரும் பிள்ளைகள் முறைவைத்து அதற்கு நீரூற்றுகிறார்கள்.