ஆட்டோபைலட் போட்டாச்சு, அப்புறம்?

கப்பலில் ஆட்டோபைலட்டை இயக்குவது பொத்தானைத் தட்டுவதோடு முடிகிற வேலை இல்லைங்க. குறித்த திசையிலிருந்து கப்பல் விலகினால் சுக்கானைத் திருப்பி மீட்பது அதன் வேலை. எதிரே பாறை இருப்பது அதற்குத் தெரியாது. 2024 அக்டோபரில் சமோவா அருகே நியூசிலாந்து கடற்படையின் மனவனுய் கப்பல் பவளப்பாறையில் ஏறி மூழ்கியது. ஆட்டோபைலட் இயங்கிக்கொண்டிருப்பதைக் கவனிக்காமல், உந்துகருவிதான் பழுது என்று நம்பிவிட்டார்கள் என்றது விசாரணை. நல்லவேளை, 75 பேரும் பிழைத்தார்கள்.

மனிதக் கை சோர்ந்துபோகும், கருவி சோராதே என்பார்கள். திறந்த கடலில் அது சரிதான். அதனால்தான் கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சோலாஸ் என்ற சர்வதேச உடன்படிக்கை கருவியைத் தடுக்கவில்லை; ஆனால் நெடுநேரம் ஓட்டிய பின்பும், கவனம் வேண்டிய பகுதிக்குள் நுழையும் முன்பும் கைச்சுக்கானைச் சோதிக்கச் சொல்கிறது. எங்கள் திருவண்ணாமலையில் கடல் இல்லை. ஆனால் தீபத் திருவிழாவின் ஏழாம் நாள், மாடவீதி முனையில் பெரிய தேருக்கு முட்டுக்கட்டை போடுகிறவர்களைப் பாருங்கள். வடம் இழுக்க ஆயிரம் பேர் இருந்தாலும் அவர்கள் கண் சக்கரத்தில்தான். கடல்சார் படிப்புக்குப் போகும் நம் பிள்ளைகளுக்குக் கருவியை இயக்கக் கற்றுத்தருகிறோம். அதைச் சந்தேகிக்க, சட்டென்று விடுவிக்க, எவ்வளவு நேரம் பழக்குகிறோம்?