உம்மாவுக்கு எட்டுகிற உயரத்தில் ஒரு பாத்தி



முற்றத்துக்கு இன்டர்லொக் கல் போட யோசிக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் வாசித்துவிட்டுப் போடுங்கள். நாங்கள் யோசிக்காமல் போட்ட ஆட்கள்.

எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்று வரைக்கும் மகளுக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம். எனக்கும் உம்மா தான் இருந்த வீட்டையே தந்தா. வாப்பாவும் அவவும் பின்வளவில் ஒரு அறையும் குசினியும் கட்டிக்கொண்டு ஒதுங்கினார்கள். பிறகு நாங்கள் முன்பக்கம் எடுத்துக் கட்டினோம். மழைக்குச் சேறு வருகிறது, மோட்டார் சைக்கிள் நிறுத்த இடமில்லை என்று மிச்ச முற்றத்துக்கும் கல் போட்டோம். கிணற்றுத் தண்ணி ஓடுகிற அந்தப் பக்கத்தில்தான் உம்மாவின் ரம்பைப் பற்றை, வல்லாரை, கறிவேப்பிலை மரம் எல்லாம் இருந்தன. வேலை முடிந்த அன்று "வடிவாத்தான் இரிக்கி மகள்" என்று மட்டும் சொன்னா. நானும் அதை அப்படியே நம்பினேன்.

2022 இல் நாடே வீட்டுத்தோட்டம் பற்றிப் பேசியது ஞாபகம் இருக்கும். அரசாங்க உத்தியோகத்தர்களுக்கு வெள்ளிக்கிழமை லீவு கொடுத்துப் பயிர் செய்யச் சொன்ன காலம். நானும் வகுப்பில் வீட்டுத்தோட்டத்தின் நன்மைகளைப் பலகையில் எழுதிப் போட்டேன். அன்று பின்னேரம் வீட்டுக்கு வந்தால் உம்மா பக்கத்து வீட்டு வேலியடியில் நிற்கிறா. "புள்ள, பாலாணத்துக்கு ரெண்டு ரம்பை தாங்களன்."

ஒரு காலத்தில் ஒழுங்கை முழுக்க எங்கள் வீட்டுக்குத்தான் ரம்பை கேட்டு வரும். நோன்பு மாதத்தில் கஞ்சிக்கு இலை கேட்டு வருகிற பிள்ளைகளுக்கு உம்மா முறித்து முறித்துக் கொடுப்பா. பக்கத்து வீட்டு ரம்பையே ஒரு நேரம் அவ கொடுத்த கன்றுதான். அந்த உம்மா இரண்டு இலைக்கு அங்கே போய் நின்றதைப் பார்த்தபோது எனக்குப் பேச்சு வரவில்லை.

போட்ட கல்லைக் கிளப்பவும் வழியில்லை. உம்மாவுக்கு முழங்கால் வருத்தம், குனிய ஏலாது. அதனால் கல்லுக்கு மேலேயே ஒரு பாத்தி கட்டினோம். செய்ய நினைக்கிறவர்களுக்காக விபரம் சொல்கிறேன்.

நீளம் 6 அடி, அகலம் 2 அடி. மூன்று வரி புளொக் கல் வைத்தால் உயரம் ஏறக்குறைய 2 அடி வரும். அகலத்தைக் கூட்டாதீர்கள். கதிரையில் இருந்துகொண்டே மற்றக் கரை வரை கை எட்ட வேண்டும். அடி வரியில் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் சாந்து வைக்காமல் இடைவெளி விடுங்கள், தண்ணி வடிய வேண்டும். புதுச் சீமெந்தின் காரம் செடிக்கு ஆகாது என்பதால் ஒரு கிழமை தண்ணி அடித்துக் கழுவினோம். காலை வெயில் பட்டு, பின்னேர வெயிலை வீட்டுச் சுவர் மறைக்கிற இடமாகப் பார்த்தோம்.

அடியில் உடைந்த ஓடு, அதற்கு மேல் தேங்காய்ப் பொச்சு, மேல் ஒரு அடிக்கு மண். எங்கள் கடற்கரை மண் தனியாகத் தண்ணியைப் பிடித்து வைக்காது. மண் ஒரு பங்கு, எரு ஒரு பங்கு, தும்புத்தூள் ஒரு பங்கு என்று கலந்தேன்.

பிழை விட்டது எருவில்தான். மாட்டுப்பட்டியில் அன்று அள்ளிய பச்சை எருவைப் போட்டுவிட்டேன். இரண்டு கிழமைக்குள் புதினா, கொத்தமல்லி எல்லாம் கருகிவிட்டன. அதுவரைக்கும் வாசலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்த உம்மா, அன்று கதிரையை இழுத்துக்கொண்டு வந்து மண்ணை அள்ளி மணந்து பார்த்தா. "பச்ச எருவப் போட்டா வேர் எரியாம என்ன செய்யும்? நீ படிச்சி என்னத்துக்கு?" என்று ஏசினா. இரண்டு மாதம் மண்ணை ஆறவிட்டு, அவ கையால் நட்டா. அதிலிருந்து நான் தண்ணி ஊற்றுகிற ஆள் மட்டும்தான்.

அவவிடம் நான் படித்தவை இவை.

ரம்பைக்குத் தாய்ப்பற்றையின் அடியில் வருகிற கன்றைப் பிரித்து நட்டால் போதும். புதினாவைச் சந்தையில் வாங்கிய கட்டிலிருந்தே எடுக்கலாம். தடித்த தண்டின் கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டுக் கிளாஸ் தண்ணியில் வைத்தால் ஒரு கிழமை, பத்து நாளில் வேர் விடும். ஆனால் அதைத் தனிச் சட்டியில் வையுங்கள், இல்லாவிட்டால் பாத்தி முழுக்கப் பிடித்துவிடும். கொத்தமல்லி விதையை மெல்ல உருட்டி இரண்டாகப் பிளந்து, நிற்க வேண்டிய இடத்திலேயே போடுங்கள். பிடுங்கி நட்டால் சரிவராது. வெயில் கூடினால் சுறுக்காகப் பூத்துவிடும். வல்லாரைக்கு ஈரமும் கொஞ்சம் நிழலும் வேண்டும். கற்பூரவள்ளி ஒரு தண்டை முறித்துக் குத்தினாலே வரும், தண்ணி கூடினால்தான் அழுகும். கறிவேப்பிலை மரமாகிற சாதி, அதற்குப் புறம்பாக ஒரு பெரிய சாடி வையுங்கள். அதில் வருகிற பச்சைப் புழுவுக்கு மருந்து தேவையில்லை, கையால் பொறுக்கினால் போதும்.

உயரத்தில் இருப்பதால் கோழி கிண்டுவதில்லை. மாரி மழைக்கு முற்றத்தில் தண்ணி நின்றபோதும் பாத்திக்கு ஒன்றும் ஆகவில்லை. கோடையில் கிணறு உப்புக் கரிக்கிற நாட்களில் அரிசி கழுவிய தண்ணியைச் சேர்த்து வைத்து ஊற்றுகிறோம்.

ஒருநாள் அஸருக்குப் பிறகு உம்மா வல்லாரை ஆய்ந்துகொண்டிருந்தபோது கேட்டேன். "கல் போடக்குள்ள ஏன் உம்மா ஒண்டும் சொல்லல்ல?"

தலையை நிமிர்த்தாமலே சொன்னா. "ஊடு உங்கட ஊடு மகள். நான் என்னத்தச் சொல்ற?"

ஒருவர் நட்டதிலிருந்து மனிதரோ பறவையோ மிருகமோ சாப்பிட்டால் அது அவருக்கு ஸதகா என்று ரசூலுல்லாஹ் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் சொன்னதை நாம் எல்லோரும் மத்ரஸாவிலேயே படித்தவர்கள். உம்மாவின் அந்த ஸதகாவைத்தான் நான் கல் போட்டு மூடியிருந்தேன். வீட்டைத் தந்தவவிடம் ஒரு வார்த்தை கேட்கவும் எனக்குத் தோன்றவில்லை.

கல் போடுங்கள், பிழையில்லை. ஆனால் போடுவதற்கு முன்னால் அந்த வளவில் யார் என்ன நட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். உம்மாவிடம் கேளுங்கள். "ஒண்டுமில்ல மகள்" என்று சொன்னால் இன்னொரு தரம் கேளுங்கள். சுவரோரமாக இரண்டு அடியாவது மண்ணாக விடுங்கள். ஏற்கனவே போட்டவர்கள் எங்களைப் போல மேலே கட்டலாம்.

இப்போது ரம்பையில் பக்கக் கன்றுகள் நிறைய வந்திருக்கின்றன, அல்ஹம்துலில்லாஹ். தேவையானவர்கள் பின்னேரத்தில் வாருங்கள். உம்மா கதிரையில்தான் இருப்பா. அவவிடமே கேளுங்கள், அவ கையால் பிரித்துத் தருவதுதான் அவவுக்குச் சந்தோஷம். அவவின் முழங்காலுக்காகத் துஆச் செய்துவிட்டுப் போங்கள்.