மங்குஸ்தானும் கிராம்பும்: மருமகளுக்கு ஒரு கடிதம்

தென்காசி,
9.11.2025

அன்பு மருமகளுக்கு,

அத்தை எழுதுவது. போனில் நீ சொன்னதற்கு உடனே பதில் சொல்லியிருப்பேன். ஆனால் பக்கத்தில் அண்ணனும் மதினியும் இருந்தார்கள், நீயும் அழுகிற குரலில் இருந்தாய். நிதானமாக எழுதுவதே நல்லது என்று விட்டுவிட்டேன்.

பி.காம். இ-காமர்ஸ் என்று ஆசையாகச் சேர்ந்தாய். முதல் செமஸ்டர் முழுக்கக் கணக்குப்பதிவியல், பொருளாதாரம், வணிகச் சட்டம் என்றே போய்விட்டது, அறையில் கூட இருக்கும் பிசிஏ பிள்ளை வெப்சைட் செய்து காட்டுகிறாள், நான் மட்டும் பற்று வரவு எழுதிக்கொண்டிருக்கிறேன், மாறிவிடட்டுமா என்று கேட்டாய்.

மாறாதே. நீ சலிப்பு என்று சொல்கிற பாடங்கள்தான் அந்தப் படிப்பின் உயிர். ஆடிட்டர் ஆபீஸில் உட்கார்ந்து ஆன்லைனில் விற்கிறவர்களின் கணக்குகளை நாள் முழுக்கப் பார்க்கிறவள் சொல்கிறேன். வெப்சைட் சரியில்லாமல் கடையை மூடியவரை நான் கண்டதில்லை. கணக்குப் புரியாமல் மூடியவர்களைக் கண்டிருக்கிறேன்.

குற்றாலத்தில் மசாலாக் கடை வைத்திருக்கும் ஒரு அக்கா எங்களிடம் வருவார். நல்ல கிராம்பு, பச்சை ஏலம், ஜாதிக்காய் எல்லாம் வைத்திருப்பார். ஒரு தளத்தில் கிராம்பு போட்டார், நன்றாக விற்றது. ஆனால் பேங்கில் பணம் நிற்கவில்லை. ‘இவ்வளவு வித்தும் கையில ஒண்ணும் இல்லையேம்மா’ என்று அந்தத் தளம் அனுப்பிய செட்டில்மென்ட் தாளை நீட்டினார். அந்தத் தாளை எப்படிப் படிப்பது என்று உனக்குக் காட்டுகிறேன். எண்கள் நான் உதாரணத்துக்கு வைப்பவை. ஒவ்வொரு தளத்துக்கும் கட்டணம் மாறும், ஆனால் கணக்கின் போக்கு இதுதான்.

100 கிராம் பாக்கெட் 210 ரூபாய் என்று வை. அதில் சரக்கின் விலை 200, ஜிஎஸ்டி 5 சதவீதம், 10 ரூபாய். தளத்துக்குக் கமிஷன் 21, ஆர்டருக்கு ஒரு நிலையான கட்டணம் 20, அனுப்பும் செலவு 60. ஆக 101. அந்த 101-க்கு மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, 18 ரூபாய் 18 பைசா. சரக்கு மதிப்பில் அரை சதவீதம், ஒரு ரூபாய், டிசிஎஸ் என்று தளமே பிடித்து அரசுக்குக் கட்டிவிடும். எல்லாம் போக அக்காவின் பேங்குக்கு வருவது சுமார் 90 ரூபாய். கிராம்பின் கொள்முதல், டப்பா, லேபிள் எல்லாவற்றையும் அந்த 90-க்குள் முடிக்க வேண்டும். 210 ரூபாய்க்கு விற்றேன் என்று நினைத்தால் நஷ்டம் எங்கிருந்து வந்தது என்றே தெரியாது.

இப்போது அதே கிராம்பை 400 கிராமாகக் கட்டி 840 ரூபாய்க்குப் போடு. கூரியர்காரர்கள் பெரும்பாலும் அரைக் கிலோவரை ஒரே கட்டணம்தான் வாங்குவார்கள். அதனால் அனுப்பும் செலவு அதே 60, நிலையான கட்டணமும் அதே 20 என்று கொள். கமிஷன் மட்டும் 84 ஆகும். வரியெல்லாம் போகக் கைக்கு வருவது சுமார் 642. நாலு சின்ன பாக்கெட் விற்றால் 360 வரும், ஒரே பாக்கெட்டாக விற்றால் 642 வருகிறது. வெப்சைட்டில் ஒரு எழுத்தைக்கூட மாற்றவில்லை. இதுதான் தாயி நீ படிக்கிற படிப்பு. நிலைச் செலவு, மாறும் செலவு என்று பொருளாதார வகுப்பில் கொட்டாவி விட்டேன் என்றாயே, அந்தப் பாடம்தான் இது.

இன்னும் ஒன்று. கட்டணத்தின் மேல் அக்கா கட்டிய 18 சதவீத வரியை உள்ளீட்டு வரி வரவாக எடுத்து, அவர் அரசுக்குக் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். தளம் பிடித்த டிசிஎஸ்ஸையும் போர்ட்டலில் ஏற்றுக்கொண்டால் நம் கணக்கில் பணமாக வந்து நிற்கும். அதை எடுக்காமலே விட்டுவைத்திருப்பவர்கள் நிறையப் பேர். பணம் அங்கேதான் கிடக்கிறது என்று சொல்ல அவர்களுக்கு ஆள் இல்லை.

அடுத்தது, எந்தச் சரக்கை ஆன்லைனில் விற்கலாம் என்பது. சாரல் நாட்களில் குற்றாலப் பேரருவிக்குப் போகிற வழியில் பழக்கடைகள் இருக்குமே, அங்கே மங்குஸ்தான் வாங்கும்போது கடைக்காரர் என்ன செய்கிறார் என்று கவனித்திருக்கிறாயா? கட்டை விரலால் ஓட்டை அமுக்கிப் பார்ப்பார். அமுங்கினால் கூடையில் போடுவார், இறுகிப்போயிருந்தால் ஒதுக்கிவிடுவார். பழத்தின் அடியில் பூ போல ஒரு தழும்பு இருக்கும். அதில் எத்தனை இதழோ உள்ளே அத்தனை சுளை என்று பிள்ளைகளுக்கு எண்ணிக் காட்டுவார். வாங்குகிறவர் அந்த விரலை நம்பித்தான் காசு கொடுக்கிறார். சென்னையில் போனைப் பார்த்து ஆர்டர் போடுகிறவருக்கு அந்த விரல் கிடையாது. பழமோ பயணத்தில் அடிபட்டுப் பெட்டிக்குள்ளேயே இறுகிவிடலாம். திரும்பி வந்தால் குப்பைக்குத்தான்.

கிராம்பு அப்படியில்லை. 1800 வாக்கில் கிழக்கிந்தியக் கம்பெனி இந்தியாவுக்குக் கிராம்பைக் கொண்டுவந்து நட்டது நம் குற்றாலத் தோட்டத்தில்தான். கப்பலில் மாதக்கணக்கில் போனாலும் கெடாத, எடைக்கு விலை அதிகமான சரக்கைத்தான் அவர்கள் தேடி நட்டார்கள். 1995-இல் அமேசானும் 2007-இல் ஃபிளிப்கார்ட்டும் முதலில் புத்தகத்தில் தொடங்கியதற்கும் காரணம் இதோடு சேர்ந்ததுதான். புத்தகம் அழுகாது, எந்த ஊரில் வாங்கினாலும் அதே புத்தகம், தொட்டுப் பார்க்காமல் வாங்கலாம். உன் புத்தகத்தில் இதை ஒரு வரியில் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவார்கள். நீ ஒரு சீசன் பழக்கடையில் நின்று பார்த்தால் முழுசாகப் புரியும்.

மத்தளம்பாறையைப் பற்றி உன் அப்பா அடிக்கடி சொல்வார். ஜோஹோ என்ற மென்பொருள் நிறுவனம் 2011-இல் தென்காசிப் பக்கம் அலுவலகம் தொடங்கியது, அதன் நிறுவனர் ஶ்ரீதர் வேம்பு அங்கேயே குடியிருக்கிறார், ஜோஹோ டெஸ்க் என்ற மென்பொருளை இங்கிருந்தேதான் உருவாக்கினார்கள், அப்புறம் இவள் எதற்குக் கோயம்புத்தூர் போய்ப் படிக்க வேண்டும் என்பது அவர் வாதம். பிளஸ் டூ முடித்த பிள்ளைகளை எடுத்து உதவித்தொகை கொடுத்துச் சொல்லிக்கொடுக்கும் பள்ளியும் அவர்களிடம் உண்டு. எனக்கும் அதில் பெருமைதான். பெரிய வேலைக்குப் பெரிய ஊர்தான் வேண்டும் என்ற எண்ணத்தை நம் கண் முன்னே உடைத்துக் காட்டினார்கள். ஆனால் அவர்கள் விற்பது மென்பொருள். ஒருவருக்கு விற்றாலும் லட்சம் பேருக்கு விற்றாலும் லாரி ஏற்ற வேண்டாம், இணைய வழியாகவே போய்விடும். நம் ஊரில் மிச்சம் இருப்பதெல்லாம் எடையுள்ள சரக்கு. புளியங்குடி எலுமிச்சை, பாவூர்சத்திரம் சந்தைக் காய்கறி, குற்றாலத்துக் கிராம்பு. இதைக் கணக்குத் தெரிந்து விற்றுக்கொடுக்க ஆள் வேண்டும். அதற்குத்தான் உன் படிப்பு.

சட்டப் பாடத்தையும் திட்டினாய். நம் ஊர் எல்லையில் நின்று அதைப் படி. 2023 அக்டோபர் 1 முதல், விற்றுமுதல் வரம்புக்குள் இருக்கிற சின்ன வியாபாரி ஜிஎஸ்டி பதிவு இல்லாமலே ஆன்லைன் தளத்தில் சரக்கு விற்கலாம். பான் எண்ணை வைத்து ஒரு சேர்க்கை எண் வாங்கினால் போதும். ஆனால் சொந்த மாநிலத்துக்குள் மட்டும்தான். அப்படியானால் செங்கோட்டையில் இருக்கிற ஒருவர் 600 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருக்கிற சென்னைக்கு அனுப்பலாம், ஆரியங்காவு தாண்டி மலை இறங்கினால் வருகிற கேரளத்துப் புனலூருக்கு அனுப்ப முடியாது. காலங்காலமாக நம் காயும் அரிசியும் போகிற ஊர் அது. அந்த மசாலாக்கடை அக்காவும் கேரளத்து வாடிக்கையாளர்களுக்காகத்தான் பதிவு எடுத்தார். எடுத்த பிறகு விற்பனையே இல்லாத மாதத்துக்கும் ஜிஎஸ்டி ரிட்டர்ன் போட வேண்டும். இது நியாயமா என்று கேட்டால் நியாயமில்லை என்பேன். எல்லையோரத்துச் சிறு வியாபாரியை நினைத்து இந்த விதியை யாரும் எழுதவில்லை. இதை எடுத்துச் சொல்லச் சட்டமும் கணக்கும் ஒருசேரத் தெரிந்த பிள்ளைகள் வேண்டும். மூன்றாம் ஆண்டு புராஜெக்டுக்கு இதையே எடுத்துக்கொள்ளேன்.

2000-ஆம் ஆண்டுத் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2020-இல் வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகள், இரண்டையும் கைடு வாங்காமல் மூலத்திலேயே படி. புகார் வந்தால் 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதைச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும், வாங்குபவரின் சம்மதத்தை முன்கூட்டியே டிக் போட்டு வைக்கக் கூடாது என்று தெளிவாக எழுதியிருக்கிறது. நாளைக்கு நீ வேலை பார்க்கிற இடத்தில் இதை மீறச் சொன்னால் முடியாது என்று சொல்ல உனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

குறையையும் சொல்லிவிடுகிறேன். பாடத்திட்டம் உலகத்தைவிட மெதுவாகத்தான் நகரும். அதனால் எக்செலை நன்றாகப் பழகு, அதன் பிறகு எஸ்கியூஎல் தொடங்கு. பிசிஏ தோழியிடமே கற்றுக்கொள், பதிலுக்கு அவளுக்கு நீ கணக்குச் சொல்லிக்கொடு. புள்ளியியல் பேப்பரில் அரியர் வைக்காதே. எந்த ஊர் பின்கோடிலிருந்து சரக்கு அதிகம் ரிட்டர்ன் வருகிறது, எந்த மாதம் எந்த எடை போகிறது என்று பார்க்க அதுதான் உதவும். பழக்கடையில் க்யூஆர் அட்டையைக் காட்டிப் பணம் வாங்குகிறார்களே, 2020 ஜனவரி முதல் யுபிஐயில் வியாபாரியிடம் கட்டணம் வாங்குவதில்லை, அப்படியானால் அந்தச் செலவை யார் தாங்குகிறார்கள் என்று உன் பேராசிரியரிடம் கேள். நல்ல ஆசிரியர் என்றால் ஒரு வகுப்பு முழுக்க அதைப் பேசுவார்.

வேலை கிடைக்குமா என்று அண்ணன் கேட்டதற்கு நானே பதில் சொல்லிவிட்டேன். தளங்களில் விற்கிற கம்பெனிகளுக்குக் கணக்கு ஒப்பிட்டுப் பார்க்கவும், சரக்குப் பட்டியல் கவனிக்கவும், ரிட்டர்னைத் துப்புத் துலக்கவும் ஆள் தேவைப்படுகிறது, எங்கள் ஆபீஸிலேயே தேடிக்கொண்டிருக்கிறோம். மேலே படிக்க ஆசைப்பட்டால் எம்.காம்., எம்பிஏ, சிஏ எல்லாம் திறந்தே இருக்கிறது.

பரீட்சை முடிந்து வரும்போது பாடத்திட்டப் புத்தகத்தையும் உன் கணக்கு நோட்டையும் எடுத்து வா. அக்காவின் இந்த வருஷத்துச் செட்டில்மென்ட் தாள்களைக் கேட்டு வைத்திருக்கிறேன், நீயே உட்கார்ந்து ஒப்பிட்டுப் பார். சம்பளம் பேசித்தான் செய்ய வேண்டும், சும்மா செய்து கொடுக்கக் கூடாது, அதை நான் அவரிடம் முன்னமே சொல்லிவிட்டேன். மதினி ஊறுகாய் பாட்டில் கொடுத்துவிடுகிறார், அறைத் தோழிக்கும் சேர்த்துத்தான்.

அன்புடன்,
உன் அத்தை