பறவையின் மேல் விழுந்த பழி

நோய்களுக்குப் பெயர் வைக்கிறவர்கள் ஆராய்ச்சிக் கூடத்தில் இருக்கிறார்கள். அந்தப் பெயரைச் சுமக்கிறவர்கள் வீட்டில் இருக்கிறார்கள். இரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தில் எத்தனையோ அநியாயங்கள் நடந்துவிடுகின்றன.

காசநோயை நம் பெரியவர்கள் 'எலும்புருக்கி' என்றார்கள். கண்ணால் கண்டதைச் சொன்ன பெயர் அது. அதில் யார் மீதும் பழி இல்லை. 1882-ஆம் ஆண்டு பெர்லினில் ராபர்ட் காக் அந்நோயின் கிருமியைக் கண்டறிந்து உலகுக்கு அறிவித்தார். கோழிக்கு வரும் காசமும் மனிதனுக்கு வரும் காசமும் ஒன்றே என்றுதான் முதலில் அவரும் எண்ணினார். இத்தாலிய அறிஞர்களான ரிவோல்ட்டாவும் மஃபுச்சியும் இரண்டும் வேறு என்று எடுத்துக்காட்டினார்கள். 1890-இல் காக்கும் அதை ஒப்புக்கொண்டார். கோழியின் கிருமிக்கு 'ஏவியம்' என்ற பெயர் நிலைத்தது. லத்தீன் மொழியில் 'ஏவிஸ்' என்றால் பறவை.

கோழிக்கு வரும் இந்த நோய் பெரும்பாலும் குடலையும் ஈரலையும் மண்ணீரலையும் பற்றுகிறது. எச்சத்தோடு மண்ணில் சேரும் கிருமி ஆண்டுக்கணக்கில் அங்கே உயிரோடு கிடக்கும். அந்த மண்ணைக் கிளறி இரை பொறுக்கும் கோழிக்கு அது தொற்றும். இரை எடுத்துக்கொண்டே கோழி மெலியும். மார்பெலும்பு கத்தி முனைபோல் துருத்தும். வயதான கோழிகளிடம்தான் இதை மிகுதியாகக் காணலாம். சில வாரங்களிலேயே அறுக்கப்படும் பண்ணைக் கோழிக்கு இது அரிது. நோய் வந்து மெலியும் வரை அதை யார் வாழ விடுகிறார்கள்?

என் நண்பரின் தமக்கை ஒருவர் இருக்கிறார். ஓய்வு பெற்ற ஆசிரியை, மெலிந்த உடம்பு, தனிக் குடித்தனம். நெடுநாள் இருமலுக்குப் பிறகு அவருடைய சளியில் 'மைக்கோபாக்டீரியம் ஏவியம்' இருப்பதாகச் சோதனையில் தெரிந்தது. பெயரின் பொருளை யாரோ சொல்லிவிட்டார்கள். அன்று மாலையே உறவினர் வந்து, அவர் வளர்த்த நாலு கோழிகளையும் பிடித்துக்கொண்டு போய்ச் சந்தையில் தள்ளிவிட்டார்கள். பேரப் பிள்ளைகளையும் அந்த வீட்டுப் பக்கம் அனுப்பவில்லை. "கோழி போனதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன் தம்பி, குழந்தைகள் வராததைத்தான் தாங்க முடியவில்லை" என்றார் அந்த அம்மாள்.

உண்மை என்ன? மனிதரைப் பிடிக்கும் ஏவியம் பெரும்பாலும் அதன் வேறொரு கிளை. கோழிக் கூண்டிலிருந்து வருவதல்ல. தண்ணீரிலும் மண்ணிலும் குழாய்களின் உட்புறத்திலும் அது குடியிருக்கிறது. நாம் எல்லோரும் நாள்தோறும் அதை எதிர்கொள்கிறோம். நுரையீரல் நலிந்தவர்களிடமும், வயது முதிர்ந்த மெலிந்த பெண்களிடமும் அது இடம் பிடித்துக்கொள்கிறது. 1980-களில் எய்ட்ஸ் பரவியபோது, எதிர்ப்பு சக்தி அடியோடு வற்றிய உடல்களில் அது இரத்தத்தோடு கலந்து உடம்பெங்கும் பரவியது. ஆனால் சாதாரணக் காசத்தைப் போல ஒருவர் இருமலிலிருந்து இன்னொருவருக்குத் தொற்றுவதில்லை. ஆகவே பேரப் பிள்ளைகளைத் தடுத்ததற்கு ஒரு நியாயமும் இல்லை.

நோய் எளியது என்று நான் சொல்லவரவில்லை. இரண்டு மூன்று மருந்துகளைச் சேர்த்து உண்ண வேண்டும். சளியில் கிருமி மறைந்த பிறகும் ஓராண்டு விடாமல் தொடர வேண்டும். எதிர்ப்பு சக்தி குன்றியவர்கள் நோயுற்ற பறவைகளை விட்டு விலகியிருப்பதும் நல்லதே. எச்சரிக்கை வேறு, விரட்டியடிப்பது வேறு.

இன்னொரு செய்தியும் உண்டு. கூண்டுக் கிளிக்குக் காசம் வந்தால், சோதனையில் சில சமயம் அகப்படுவது மனிதனின் காசக் கிருமிதான். இருமிக்கொண்டே அதனோடு கொஞ்சிப் பேசிய எஜமானரிடமிருந்து அது வாங்கிக்கொண்ட நோய். கிளிகளுக்கு மட்டும் ஓர் ஆராய்ச்சிக் கூடம் இருந்திருந்தால், அந்த நோய்க்கு அவை யார் பெயரை வைத்திருக்கும்?