பனிநாட்டு வாசலுக்கு ஒரு கண்

வீட்டுக்குக் காவல் என்றதும் எங்களூர்ப் பெண்களுக்கு நினைவில் எழுவன மூன்று: கிடுகு வேலி, இழுத்துச் சாத்திய படலை, முற்றத்திற் படுத்திருக்கும் நாய். நான்காவதாக அயல் வீட்டாரையும் சொல்லலாம். இரவிலே படலை கிறீச்சிட்டால் வேலிக்கு அப்பாலிருந்து, "ஆரது?" என்றொரு குரல் எழும். இந்த நான்கு காவலும் செல்லாத ஊர்களிலே இன்று நம் பிள்ளைகளும் சகோதரங்களும் குடியிருக்கிறார்கள். அங்கே வாசலைக் காப்பது கமரா. அந்தக் கமராவையும் குளிர் வீழ்த்திவிடக்கூடும் என்பதையும், வீழாத ஒன்றைத் தெரிந்தெடுக்கும் வகையையும் என் தங்கை வீட்டிற் கண்டேன். கனடாவிலே உறவினருள்ள குடும்பங்களுக்குப் பயன்படும் என்று கருதி அதனை இங்கே எழுதுகிறேன்.

தங்கை வாழ்வது மனிற்றோபா மாகாணத்தின் தலைநகரான வின்னிபெக்கில். கனடாவின் நடுவே, மலையோ கடலோ காற்றைத் தடுக்காத பெருஞ் சமவெளியில் அமைந்த நகரம் அது. நுவரெலியாவிலே தை மாதத்திற் புல்லின்மேல் உறைபனி படிந்தாலே நாம் அதிசயித்துப் பேசுகிறோம். வின்னிபெக்கிலோ அம்மாதத்து இரவுகள் சராசரியாகப் பூச்சியத்துக்குக் கீழே 20 பாகை செல்சியசை ஒட்டியிருக்கும். ஒவ்வொரு பனிக்காலத்திலும் 30 பாகைக்குக் கீழே இறங்கும் இரவுகளும் வரும். 1879 டிசம்பர் 24 ஆம் திகதி 47.8 பாகை வரை இறங்கியதாகப் பதிவு உண்டு. நிறுத்தி வைத்த மோட்டார் வண்டிகளுக்கு இரவிலே மின்வயர் பொருத்தி, இயந்திரத்தைச் சூடேற்றி வைக்கிறார்கள். அத்தகைய இரவில் நாயை முற்றத்திற் படுக்க விடுதல் கொடுமை. யன்னல்களெல்லாம் இரட்டைக் கண்ணாடியால் அடைபட்டிருப்பதால் அயலாரின் குரலும் காதில் விழுவதில்லை.

அவ்வூரிற் பலர் கமரா பொருத்துவது, வாசலில் வைத்துச் செல்லும் பொதிகளைக் களவாடுவோருக்கு அஞ்சியே. என் தங்கைக்கு இருந்த அச்சம் வேறு. வீட்டுக்குள் வரும் திருடரைப் பற்றியன்று, வீட்டைவிட்டு வெளியே போகும் எங்கள் தாயாரைப் பற்றியே அவள் அஞ்சினாள்.

அம்மாவுக்கு வயது 84. ஐயா காலமான பின்னர் தங்கையோடு போய்ச் சேர்ந்தவர். சில ஆண்டுகளாக மறதி நோய் அவரைப் பற்றியிருக்கிறது. பகலிலே பேரப்பிள்ளைகளைப் பெயர் சொல்லி அழைப்பார். இரவில் அவர் வாழ்வது புலோலியிலே. விடியுமுன் எழுந்து படலை திறந்து முற்றம் கூட்டிய ஐம்பது ஆண்டுப் பழக்கம், மற்றவையெல்லாம் மறந்த பின்னும் அவரை எழுப்பிவிடுகிறது.

2024 ஆம் ஆண்டு தை மாதத்தில், குளிர் பூச்சியத்துக்குக் கீழே 30 பாகையை நெருங்கிய ஓர் இரவில், அவர் பக்கக் கதவைத் திறந்துகொண்டு படியில் இறங்கி நின்றார். மைத்துனர் இரவு வேலைக்குச் சென்றிருந்தார். நிலத்தோடு ஊர்ந்து வந்த குளிர்காற்று அறைக்குட் புகுந்ததனாலேயே தங்கை விழித்தாள். "படலை திறந்து கிடக்குது, பிள்ளை. மாடு உள்ளுக்கு வந்திடும்," என்றாராம் அம்மா. மெல்லிய இரவுடையோடு நின்றவரின் விரல் நுனிகள் வெளிறியிருந்தன. காற்றின் குளிர்ச்சிக் கணக்கு 40 பாகைக்குக் கீழே போனால், மூடாத தோல் 5 முதல் 10 நிமிடங்களுள் உறைந்துவிடலாம் என்று கனடிய அரசின் வானிலைத் துறை எச்சரிக்கிறது. சில நிமிடங்களில் அம்மா தப்பினார்.

அந்தக் கதவுக்கு மேலே ஒரு கமரா இருந்தது. வீட்டை விற்றுச் சென்றவர் பொருத்தியது. மழைநாளிலும் கோடையிலும் குறையின்றி உழைத்த அது, அன்றிரவு கண்மூடிக் கிடந்தது. எவ்விரவிலே வேண்டுமோ அவ்விரவிலே பயன்படாத காவல் எதற்கு?

அவ்வாண்டு ஆவணியில் நான் வின்னிபெக் சென்றேன். முப்பது ஆண்டுகள் விஞ்ஞானம் படிப்பித்தவள் என்பதால், புதிய கமராவைத் தெரிந்தெடுக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. கடைகளில் முதலிற் காட்டுவது படத்தின் தெளிவையே. நான் பெட்டியைத் திருப்பிப் பின்புறத்துச் சிற்றெழுத்தையே வாசித்தேன்.

முதலிற் பார்க்கவேண்டியது இயங்கு வெப்பநிலை. வெளிப்புறத்துக்கு உரியவை என விற்கப்படும் வீட்டுக் கமராக்களுட் பல, பூச்சியத்துக்குக் கீழே 20 பாகை வரைக்குமே உறுதி சொல்கின்றன. வின்னிபெக்குக்கு அது போதாது. 40 பாகை வரை இயங்குவது வேண்டும். சில பெட்டிகளில் இரண்டு எண்கள் இருக்கும். ஒன்று இயங்கும்போது தாங்குவது. மற்றது அணைத்துக் களஞ்சியத்தில் வைக்கும்போது தாங்குவது. இரண்டாவதை முதலாவதென்று மயங்கி வாங்கலாகாது. அவ்வாறே, ஐ.பீ. 66 போன்ற குறியைக் கண்டு குளிருக்கும் உத்தரவாதம் என்று எண்ணுவோர் உளர். அக்குறி தூசியையும் நீரையும் தடுக்கும் ஆற்றலை மட்டுமே சொல்வது. குளிரைப் பற்றி அது ஒரு சொல்லும் சொல்வதில்லை.

காற்றின் குளிர்ச்சிக் கணக்கைப் பற்றித் தங்கை ஒரு நல்ல கேள்வி கேட்டாள். "வானொலியிலே 45 என்று சொல்லுறாங்கள், அக்கா. அப்ப 40 பாகைக் கமரா காணுமோ?" அக்கணக்கு மனிதத் தோலுக்கு உரியது. காற்று எவ்வளவு பலமாக வீசினாலும் உயிரற்ற பொருளைக் காற்றின் உண்மை வெப்பநிலைக்குக் கீழே குளிர்விக்காது. விரைவாகக் குளிர்விக்கும், அவ்வளவே. ஆகவே கமராவுக்கு வெப்பமானி காட்டும் எண்ணையே பார்க்க வேண்டும்.

அடுத்தது மின்சாரம். பழைய கமரா வீழ்ந்தது இதனாலேயே. லிதியம் அயன் பற்றறி கடுங்குளிரில் தான் தேக்கிய மின்சாரத்தில் ஒரு பகுதியையே வெளிவிடும். உள்ளேயுள்ள அயன்கள் அவ்வளவுக்கு மந்தமாகிவிடும். பூச்சியத்துக்குக் கீழே அதற்கு மின்னேற்றினால் லிதியம் உலோகமாகவே படிந்து பற்றறியைக் கெடுக்கும். எனவே பல கருவிகள் அந்நிலையில் மின்னேற்றத்தைத் தாமே நிறுத்திவிடுகின்றன. சூரிய ஒளித் தகடு பொருத்தினாலும் இதே இடர்தான். மார்கழியில் வின்னிபெக்கின் பகலுக்கு ஆயுள் ஏறக்குறைய 8 மணி நேரம். அதற்குள்ளும் வெண்பனி தகட்டை மூடிவிடும். வயர் இழுக்க வழியில்லாதவர்கள், மீள மின்னேற்ற முடியாத லிதியம் பற்றறியாற் செயற்படும் கமராவை நாடலாம். அப்பற்றறிகளில் 40 பாகைக் குளிரிலும் உழைப்பன உண்டு. ஆனாற் கமராவும் அக்குளிரைத் தாங்குவதாக இருக்க வேண்டும்.

நாங்கள் வயரையே தெரிந்தெடுத்தோம். பீ.ஓ.ஈ. என்னும் முறையில் ஒரே வயர் மின்சாரத்தையும் படத்தையும் சுமக்கும். 100 மீற்றர் வரை அதனை நீட்டலாம். மின்சாரம் ஓயாது செல்வதாற் கமரா தன் வெப்பத்தாலேயே சற்றுக் கதகதப்பாக இருக்கும். மின்தடை ஏற்பட்டு முற்றாகக் குளிர்ந்த பின் மீண்டும் விழிப்பதே கடினம். எனவே, குளிர்ந்து கிடக்கும் நிலையிலிருந்தே 40 பாகையில் தொடங்கக்கூடியது என்று கூறப்பட்ட ஒன்றை வாங்கினோம். அதனுள் ஒரு சிறு சூடேற்றி உண்டு. முதலில் உடம்பைச் சூடாக்கிப் பின்னரே கண்ணைத் திறக்கும். பதிவுகளைக் கமராவினுள் இருக்கும் சிற்றட்டையில் வைக்காமல் வீட்டினுள்ளே வைத்தோம். சாதாரண அட்டைகளுட் பல 25 பாகைக் குளிருக்கு மேற் பொறுப்புச் சொல்வதில்லை. கழுத்தைத் திருப்பும் கமராவையும் தவிர்த்தோம். அசையும் உறுப்புக் குறையக் குறைய உறைந்து நிற்கும் இடமும் குறையும்.

பொருத்தும் வேலையைப் புரட்டாதியிலேயே முடித்தோம். குளிர் வந்த பின் சாதாரண வயரின் உறை விறைத்து, வளைத்தால் வெடித்துவிடும்; ஏணியில் நிற்பவரின் விரலும் விறைக்கும். சுவரிலே வயருக்காகத் துளைத்த துவாரத்தை நன்றாக அடைத்தல் வேண்டும். அடைக்காவிட்டால் வீட்டின் ஈரமான சூட்டுக்காற்று அதன் வழியே கசிந்து கண்ணாடியில் உறைபனியாகப் படியும். இதே காரணத்தால், சூடேற்றும் அடுப்பின் புகைக்குழாய்க்கும் துணி உலர்த்தும் இயந்திரத்தின் வாய்க்கும் அருகே கமராவை வைக்கலாகாது. கூரையின் இறப்புக்குக் கீழே, பனிக்கட்டி உடைந்து விழாத மூலையே தக்க இடம்.

இரவிலே கமரா தன் செங்கீழ்க் கதிர் விளக்கால் பார்க்கிறது. கண்ணாடிக்கு அருகே விழும் வெண்பனித் துணுக்குகள் அவ்வொளியில் வெண்கோடுகளாய் மின்னும். ஒவ்வொன்றையும் அசைவென்று எண்ணிச் சில கமராக்கள் இரவெல்லாம் எச்சரிக்கை அனுப்பும். பத்து முறை வீணாக எழுந்தவர் பதினோராவது முறை எழமாட்டார். ஆதலால் மனித உருவைப் பிரித்தறியும் கமராவே நன்று. படிக்கு மேலே தனியாக ஒரு விளக்கும் எரியவிட்டோம். பார்வைக் கோணத்தை எங்கள் படியோடும் நடைபாதையோடும் அடக்கினோம். அடுத்த வீட்டு யன்னலை நோக்கிக் கண் வைத்தல் எந்த நாட்டிலும் முறையன்று.

இவ்வளவு செய்த பின்னும் ஒன்றை மறத்தலாகாது. கமரா காண்பதல்லாமல் கைபிடித்து உள்ளே அழைத்து வராது. அன்றியும், அது காணும்போது அம்மா ஏற்கெனவே வெளியே நிற்பார். எனவே கதவு திறந்தவுடன் தங்கையின் தலைமாட்டில் ஒலிக்கும் சிறு மணியொன்றை முதற் காவலாக வைத்தோம். கமராவோடு ஒப்பிட்டால் அதன் விலை மிகச் சொற்பம். மணி எழுப்பும், அவர் எந்தப் பக்கம் போனார் என்பதைக் கமரா காட்டும். எழுந்து ஓடவேண்டியது மனிதர்.

நான் ஊர் திரும்புமுன், 2025 மாசி மாதத்தில், குளிர் 30 பாகைக்கும் கீழே சென்ற ஓர் இரவு வந்தது. அதிகாலை நான்கு மணியளவில் அந்த மணி ஒலித்தது. தங்கையும் நானும் ஒருங்கே ஓடினோம். அம்மா கதவை ஒரு சாண் திறந்து பிடித்தபடி நின்றார். படியில் இன்னும் கால் வைக்கவில்லை. தங்கையின் கையிலிருந்த தொலைபேசியில் வெளிவாசலின் படம் தெளிவாக விளங்கியது: விளக்கின் கீழே வெறும் படி, அதற்கப்பால் அடிச்சுவடு ஒன்றும் படாத வெண்பனி.

அம்மா அதனை உற்றுப் பார்த்தார். "இது ஆனையிறவு உப்பளமோ, பிள்ளை?" என்று கேட்டார்.

"ஓம் அம்மா. விடியட்டும், போய்ப் பார்ப்பம்," என்று சொல்லியவாறே தங்கை கதவைச் சாத்தினாள்.