மெசினுக்கு எலும்பு தெரியுமோ?

செம்மணியை நாங்கள் எத்தனை தரம் பஸ்ஸில கடந்திருப்பம் எண்டு கணக்கில்லை. ஒருக்காலும் இறங்கினதில்லை.

2025 ஓகஸ்ட் முதல் வாரத்தில் அங்கே சித்துப்பாத்தி மயானத்தில் தரையை ஊடுருவும் ராடர் கொண்டு தேடினார்கள். புல்லு வெட்டுற மெசின் மாதிரி ஒன்றை நிலத்தில் மெல்ல உருட்டிக்கொண்டு போனார்கள். அந்த வீடியோவை நாங்கள் போனில் பார்த்துக்கொண்டிருக்க, அம்மம்மாவும் வந்து எட்டிப் பார்த்தா.

“உந்த மெசினுக்கு எலும்பு தெரியுமோ, பிள்ளையள்?”

“ஓம் அம்மம்மா” எண்டிட்டம். 1996இல் சைக்கிளில் போன எங்கட மாமா இன்னும் வீட்டுக்கு வரேல்லை. அந்த வீட்டில் வேற என்ன சொல்லுறது?

பிறகு தேடி வாசித்தபோதுதான் நாங்கள் சொன்னது பிழை எண்டு விளங்கினது.

அந்தக் கருவி வானொலி அலைகளை நிலத்துக்குள் அனுப்பும். மண்ணின் தன்மை மாறுகிற இடத்தில் அலையில் ஒரு பங்கு திரும்பி வரும். திரும்ப எடுத்த நேரத்தை வைத்து ஆழத்தைக் கணிப்பார்கள். திரையில் எலும்புக்கூடு தெரியாது, கோடுகளும் கவிழ்த்த கிண்ணம் போன்ற வளைவுகளும்தான் தெரியும். கல்லும் மரவேரும்கூட அப்படி வளைவு காட்டலாம். ஈரமான, உப்புப் பிடித்த களிமண் அலையை உறிஞ்சிவிடும். செம்மணியோ உப்பளமும் கடல்நீரேரியும் உள்ள பக்கம்.

ஆனால் ஒன்றைக் கருவி நன்றாகக் காட்டக்கூடும். ஒருமுறை தோண்டி மூடிய மண், பக்கத்து மண்ணைப் போலப் படைபடையாக இருக்காது. பல வருசம் போனாலும் அந்தக் கலைவு மறையாமல் இருக்கலாம். எலும்பைவிட, யாரோ தோண்டினதைத்தான் ராடர் காட்டிக்கொடுக்கிறது.

இந்த மண்ணில் என்ன இருக்கிறதென்று சொல்ல ராடர் வரும்வரை காத்திருக்க வேண்டியும் இருக்கவில்லை. 1998இல், கிருஷாந்தி குமாரசுவாமி கொலை வழக்கில் தண்டிக்கப்பட்ட இராணுவச் சிப்பாய் ஒருவர், செம்மணியில் 300 முதல் 400 பேர் வரை புதைக்கப்பட்டதாக நீதிமன்றத்திலேயே சொன்னார். அடுத்த வருசம் தோண்டியபோது 15 உடலெச்சங்கள் எடுக்கப்பட்டன. பிறகு 25 வருசத்துக்கு மேல் நிலம் அப்படியே கிடந்தது. 2025 பெப்ரவரியில் மயானத்தில் கட்டட வேலைக்கு வெட்டியபோதுதான் மறுபடி எலும்புகள் வெளிப்பட்டன. செப்டெம்பர் தொடக்கத்தில் எண்ணிக்கை 240ஐ எட்டியிருந்தது. அவற்றுள் சிறுவர்களுடையவையும் இருந்தன. ஒன்றின் அருகே நீலநிறப் புத்தகப்பை.

ராடர் இடத்தைக் காட்டலாம். பெயரைச் சொல்லாது. அதற்குத் தோண்ட வேண்டும், ஆய்வுகூடம் வேண்டும், உறவினரின் மரபணு வேண்டும், அவசரப்படாத ஒரு நீதிமன்றம் வேண்டும். எங்கட வீட்டில் அந்த மரபணுவைக் குடுக்கக்கூடிய தாய்க்கு இப்ப எண்பது தாண்டிவிட்டது.

இரவு சாப்பாட்டுக்குப் பிறகு நாங்கள் போய் உண்மையைச் சொன்னம். “எலும்பு தெரியாதாம் அம்மம்மா. மண் கிளறுப்பட்ட இடம்தான் தெரியுமாம்.”

அம்மம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தா.

“அப்ப தோண்டித்தான் பாக்கவேணும்” எண்டா.